கண்ணாடிக்குப் பின்னால் இருபது

கார் வாங்கக் கையில் காசு இருக்கிறது, வாங்கிய காரை நிறுத்தத்தான் இடம் இல்லை. இது யார் குற்றம்? கார் விற்றவன் குற்றமா, கடன் கொடுத்த வங்கிக்காரன் குற்றமா, கட்டிடம் கட்டினவன் குற்றமா? அதெல்லாம் கிடையாது. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரையில் இருக்கிற சௌபர்ணிகா குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் பளிச்சென்று சொல்வார்கள், வாட்ச்மேன் நயினாரின் குற்றம் என்று.

அங்கே நடைமுறை இப்படி. ஒருத்தர் வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கும். இன்னொருத்தர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சங்கத்தின் செயலாளர் சாவித்ரி மாமி மூன்றாம் மாடியிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டு, "நயினார், பூட்டைப் போடு" என்பார். இந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால்தான் சக்கரப் பூட்டு ஒன்று வாங்கியிருந்தார்கள். அதுவரைக்கும் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி. நயினார் அந்தப் பூட்டைத் தூக்கிக்கொண்டு போய் முன்சக்கரத்தில் மாட்டுவார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்காரர் இறங்கி வந்து, கண்ணில் படுகிற முதல் ஆளைத் திட்டுவார். கண்ணில் படுகிற முதல் ஆள் எப்போதும் நயினார்தான். படம் பிடித்தவர் அந்நேரம் வீட்டுக்குள் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

தமிழில் திட்டினார்கள், மலையாளத்தில் திட்டினார்கள், ரொம்பப் படித்தவர்கள் ஆங்கிலத்தில் திட்டினார்கள். நல்ல நாளில் "அண்ணாச்சி" என்று கூப்பிடுகிற வாய், ஸ்டிக்கரோ பூட்டோ போட்ட நாளில், தமிழனை மட்டம் தட்டுகிற "பாண்டி" என்றது. வந்த புதிதில் நயினாருக்குச் சுருக்கென்று இருந்தது. போகப் போக எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். ஊரிலிருந்து வந்திருந்த மகள் இசக்கிசெல்வி ஒரு தடவை இதை நேரில் பார்த்துவிட்டாள். "எப்பிடிப்பா கேட்டுக்கிட்டு நிக்கிய?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"எங்கிட்டயா பேசுதாவ? பூட்டுகிட்ட பேசுதாவ. நான் பக்கத்துல நிக்கேன், அவ்வளவுதான்" என்றார் நயினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஆகிப்போயிருந்தது.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த அறை.

நயினாருக்கு வள்ளியூர் பக்கம். கல்யாணமான கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்து, தம்பானூரில் ஓர் ஓட்டலில் சேர்ந்தார். கடை அடைத்தபிறகு இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டால் அதுதான் கட்டில். மனைவி பூமாரி ஊரில் பீடி சுற்றிக்கொண்டு மகளை வளர்த்தாள். பொங்கலுக்கு ஒரு தரம், கோயில் கொடைக்கு ஒரு தரம் போவார். மகளைக் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல ஒரு மாசம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்து இப்படிப் பாதி ஆயுசைப் பேருந்து நிலையத்தில் வழியனுப்பியே தீர்த்த குடும்பங்கள் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஆயிரம் இருக்கும். சௌபர்ணிகாவில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் தேடியபோது, "அறை உண்டு, குடும்பத்தோட தாமசிக்கலாம்" என்றார்கள். சம்பளம் ஓட்டலைவிடக் குறைவு. நயினார் அதைப்பற்றி வாயே திறக்காமல் மறுநாளே வந்து சேர்ந்துவிட்டார்.

பூமாரி ஒரு குடமும், இரண்டு பாத்திரமும், தகரச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கீழ்த்தளத்தின் கோடியில் கார்களுக்கு நடுவே அந்த அறை. மூன்று பக்கம் சிமென்ட் கல் வைத்துக் கட்டிய சுவர், தகரக் கதவு. பின்பக்கம் மட்டும் கட்டிடத்தின் கான்கிரீட் சுவர். அதில் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் 20 என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது, ஜெயில்ல நம்பர் போட்ட மாதிரி?" என்றாள் பூமாரி.

இருபது வீட்டுக்கும் இருபது கார் இடம் என்று கணக்குப் பண்ணித்தான் கட்டிடத்தைக் கட்டியிருந்தார்கள். கட்டுகிற காலத்தில் சிமென்ட் மூட்டை நனையாமல் இருக்க இருபதாவது இடத்தைச் சுற்றி எழுப்பிய சுவர் அப்படியே நின்றுவிட்டது. வீடு வாங்கினவர்கள் பாதிப் பேரிடம் அப்போது கார் கிடையாது, யாரும் கேட்கவில்லை. நயினாருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? போய்ச் சொல்வதற்கு அவர் என்ன ஓட்டைவாயா? எண்ணுக்கு மேலே ஆணி அடிக்கப் பார்த்தார். கான்கிரீட் சுவர் சாமானியத்தில் ஆணியை வாங்காது. நாலைந்து ஆணி வளைந்து தெறித்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாதிவரைக்கும் இறங்கியது. பூமாரி கண்ணாடியை மாட்டினாள். 20 மறைந்துவிட்டது.

அதற்கப்புறம் அது வீடு. அவள் மாடிப்படிகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து சோறு பொங்குவாள். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கார்ப் புகையும் மீன் குழம்பும் கலந்த வாசம்தான், இருந்தாலும் சூடான சோறு. பூமாரி காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வதை நயினார் கேட்டருகிலிருந்தே பார்க்க முடிந்தது. தகரக் கதவை அதற்காகவே அரைவாசி திறந்து வைப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பூமாரியிடமும்தான்.

இப்படி ஏழெட்டு வருஷம் போயிற்று. வீட்டுக்கு வீடு கார் வந்தது. கடைசியாக, நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிரஜின் என்கிற பையன் நாலாம் மாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு இடம் இல்லை. விருந்தாளிகள் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான். நல்ல பையன். இறங்கும்போதும் ஏறும்போதும், "அண்ணாச்சி, சாயா குடிச்சோ?" என்று கேட்காமல் போகமாட்டான். நயினாரிடம் வண்டியைப் பற்றி இல்லாமல் வேறு ஏதாவது கேட்கிற ஒரே ஆள் அந்தக் கட்டிடத்தில் அவன்தான்.

நவராத்திரி வந்தது. துர்காஷ்டமி அன்று மத்தியானம், இரண்டாம் மாடி கிரீஷின் மைத்துனர் குடும்பம் லீவுக்கு வந்து இறங்கியது. விருந்தாளி இடத்தில் பிரஜினுடைய கார். கிரீஷ் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவர். படம் குழுவுக்குப் போனது, மாமி இன்டர்காமில் வந்தார், நயினார் பூட்டை மாட்டினார். பிரஜின் அப்போது வீட்டில் இல்லை, நடுராத்திரிதான் வந்தான். எப்போதும் நடக்கிறதுதான். அதோடு முடிந்திருக்கும்.

சாயந்திரம் மாமி கொலுவுக்குப் பூ வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கரமனை அக்கிரகாரத்துப் பெண், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனசுதான். "நயினார், இன்னிக்குப் பூஜை வைக்கறோம். புஸ்தகமெல்லாம் வெச்சாச்சு. உன் ஆயுதம் எதுவோ அதையும் கொண்டா, அம்பாள் கிட்ட வெச்சுடலாம்" என்றார்.

நயினாரிடம் இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஓட்டலில் கிரைண்டருக்கும் கல்லாப் பெட்டிக்கும் சந்தனம் வைப்பார்கள்; மேஜை துடைக்கிறவனுக்கு ஏது ஆயுதம்? அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பூட்டு பிரஜின் காரில் மாட்டியிருந்தது. அதனால் குளித்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார். மாமி அதை வாங்கி, குங்குமம் வைத்து, புத்தக அடுக்கின் மேல் வைத்தார். நயினாருக்கு வெகுநாளைக்கப்புறம் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அந்த உற்சாகத்தில் கீழே வந்து, காரில் கிடந்த பூட்டையும் விடவில்லை. சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் இட்டு, ஒரு செவ்வரளிப் பூவையும் செருகினார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நயினார் ஊர்ப்பக்கம் சரஸ்வதி பூஜை என்றால் ஒரு ராத்திரிதான், மறுநாள் காலையில் எடுத்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஓட்டல் கிரைண்டரும் அப்படித்தான், காலை இட்லிக்கு அது ஓடியே ஆகவேண்டும். திருவனந்தபுரத்து வீட்டு வழக்கம் வேறு. அஷ்டமி சாயந்திரம் பூஜையில் வைத்ததை நவமி முழுக்கத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் பூஜை எடுத்தபிறகுதான் கை வைக்கலாம். மாற்றுச் சாவி என்று ஒன்று இருந்தது. அதைச் சங்கத்தின் பொருளாளர் தன் சாவிக்கொத்தோடு சேர்த்துத் துபாய்க்கு, மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்.

நவமி காலையில் பிரஜின் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். பிரசவத்துக்குப் போயிருந்த மனைவியையும் குழந்தையையும் கொட்டாரக்கரையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற நாள். மாமனார் வீட்டில் நேரம் குறித்து வைத்திருந்தார்கள். காரின் பின்சீட்டில் குழந்தைக்கு என்று வாங்கிய சின்ன மெத்தைகூட இருந்தது. சக்கரத்தைப் பார்த்தான். பூட்டு. பூட்டில் சந்தனம், குங்குமம், பூ.

"எந்தா அண்ணாச்சி இது, களியாக்குகயாணோ?" என்றான். கேலி பண்ணுகிறீர்களா என்று கேட்கிறான். அபராதத்தைக் கட்டிவிடுகிறேன், தாக்கோலைக் கொடு, அதாவது சாவியைக் கொடு என்றான்.

நயினார் மூன்றாம் மாடிக்கு ஓடினார். மாமி கதவுக்கு உள்பக்கமே நின்றுகொண்டு தலையை ஆட்டினார். "நாளைக்குக் காலம்பறதான் எடுப்போம். நடுவுல தொடப்படாது நயினார், சரஸ்வதி மேல இருக்கு."

"எங்கூர்ல மறுநாளே எடுத்துருவாவ மாமி. அந்தப் புள்ள பொண்டாட்டியக் கூப்பிடப் போவணும்."

"இது உங்க ஊர் இல்லையே. டாக்ஸி பிடிச்சுண்டு போகச் சொல்லு. என்னால முடியாது, தெய்வக் காரியம்."

கீழே வந்து நயினார் அதை அப்படியே சொன்னார். பிரஜின் அன்றைக்குத் திட்டிய திட்டு இருக்கிறதே, அந்தக் கட்டிடத்தில் அதுவரை எவரும் திட்டியதில்லை. இருபது வீட்டு ஜன்னலும் திறந்தது. நல்ல பையன் வாயிலிருந்து வந்த வார்த்தை, நியாயமாகப் பார்த்தால் நயினாருக்குக் கூடுதலாக வலித்திருக்க வேண்டும். ஒன்றுமே வலிக்கவில்லை. பூட்டில் செருகிய பூ வாடிவிட்டதே என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, என்னடா இது, நமக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்று.

பிரஜின் டாக்ஸியில் போய்க் குழந்தையைக் கூட்டி வந்தான். விஜயதசமி காலையில் மாமி சாவியை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார், நயினார் பூட்டைக் கழற்றினார். அதற்குள் வாட்ஸ்அப்பில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஏன் இடம் இல்லை, நானும் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று பிரஜின். விதி என்றால் விதிதான், கோர்ட்டுக்குப் போ என்று கிரீஷ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது.

கீழ்த்தளத்திலேயே நாற்காலி போட்டார்கள். நயினாருக்கு டீ ஊற்றுகிற வேலை. கதவு அரைவாசி திறந்திருந்த அறைக்குள் பூமாரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கிரீஷ் எழுந்ததும் முதல் கேள்வி இதுதான். "சங்கத்தின் சாவியைப் பூஜையில் வைக்க வாட்ச்மேனுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?"

எல்லாத் தலையும் நயினார் பக்கம் திரும்பியது. நயினார் மாமியைப் பார்த்தார். மாமி சேலைத் தலைப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கொண்டுவரச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நயினார் டீ கெட்டிலைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். அது வருகிற மாதிரி இல்லை. மாமி கெட்டவர் கிடையாது. பூமாரிக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியவர். இருந்தாலும் கூட்டத்தில் நாக்கு எழும்பவில்லை, என்ன செய்ய.

"தப்பு எங்கிட்டதான் சார்" என்றார் நயினார்.

அதற்கப்புறம் கிரீஷும் பிரஜினும் கத்தினார்கள். கை ஓங்குகிற அளவுக்குப் போனது. நடுவில் யாரோ ஒருத்தர் பொறுமையிழந்து, இருபது வீட்டுக்கு இருபது இடம் இருக்கவேண்டுமே, மிச்சம் ஒன்று எங்கேதான் போயிற்று, எண்ணுங்கள் என்றார். தூண்களில் எழுதியிருந்த எண்களை எழுந்து நின்று எண்ணினார்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பத்தொன்பதுக்கு அடுத்தாற்போல் தகரக் கதவு. கதவுக்குள்ளே பூமாரி, கையில் அரிசிப் பானையோடு.

பிறகு கிரீஷ்தான், "அப்படியானால் பிரச்சினையே இல்லையே" என்றார்.

அவ்வளவுதான். அரைமணி நேரம் முன்னால் சட்டையைப் பிடிக்கப் போன இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நயினாரை ஒருத்தரும் மோசமாக நடத்தவில்லை, அதையும் சொல்லவேண்டும். வேலை போகாது, கேட்டருகில் நல்ல நாற்காலி போட்டு மின்விசிறி மாட்டித் தருவோம், பழைய ஆளல்லவா என்றார்கள். "அண்ணாச்சிக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லையே?" என்று பிரஜின் மட்டும் மெதுவாகக் கேட்டான். நயினார், "இல்ல சார்" என்றார். ஒருமனதாக முடிவு என்று மாமி எழுதிக்கொண்டார். நயினார் இரண்டாவது தடவை டீ ஊற்றினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் பூமாரி பேசினாள். "வாடகைக்கு எடம் கிட்டாதா?"

"இங்கன கிட்டுத வாடகைக்கு நம்ம ரெண்டு பேரு சம்பளத்தையும் குடுக்கணும்ட்டி."

"செரி, அப்ப நான் மவ வீட்டுக்குப் போறேன்." அவள் அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இத்தனை வருஷம் தனியாக இருந்து பழகினவள்தானே என்று நினைத்தார் நயினார். அப்படி நினைத்ததும் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தம்பானூரில் ரயில் ஏற்றிவிட்டார். கண்ணாடியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அறையை இடித்தார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கல்லைச் சுமந்து கொட்டியதும் நயினார்தான், தரையைக் கழுவியதும் அவர்தான், மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து இரண்டு பக்கமும் கோடு போட்டதும் அவர்தான். எண்ணை மட்டும் எழுத வேண்டியிருக்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் எண் மங்கி, புகை படிந்து கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த 20 நேற்று எழுதினது மாதிரி பளபளவென்று இருந்தது.

ராத்திரி கரமனைப் பாலத்துக்குப் பக்கம் ஒரு கடை மாடியில் நாலு ஆட்களோடு படுத்துக்கொண்டார். காலையில் வந்து கேட்டருகில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. யாரும் யாரையும் திட்டவில்லை, பூட்டு மூலையில் சும்மா கிடந்தது. இருபது வீட்டுக்கும் இருபது இடம் இருக்கும்போது யார் யாரைத் திட்டப் போகிறார்கள்?

ஒரு வாரம் கழித்துப் பிரஜின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தை மொட்டைத் தலையோடு நயினாரையே பார்த்தது. "அண்ணாச்சி, அந்தச் சுவரில் ஒரு ஆணி உண்டு. இவளை இறக்கும்போது தலையில் தட்டும் போல. எடுத்துத் தருமோ?" என்றான்.

எந்த ஆணி என்று நயினார் கேட்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனார். எண்ணுக்கு மேலே, பாதி இறங்கிய அந்த ஆணி. இடித்தவர்கள் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறது. ரொம்ப மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று காலை ஊன்றிக்கொண்டார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"தாங்க்ஸ் அண்ணாச்சி. ஊருக்குப் போன சேச்சிக்குச் சுகம்தானே?"

"சொகமா இருக்கா சார்" என்று சொல்லி ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விளக்கு வைத்த நேரத்துக்குப் பூமாரி போன் பண்ணினாள். தினமும் பண்ணுவதுதான். சாப்டியளா என்றாள், சாப்பிட்டேன் என்றார். மகள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். பேரனுக்குச் சளி, மருமகனுக்கு வேலை இல்லை. பிறகு சொன்னாள்:

"கண்ணாடிய மாட்டுததுக்கு இங்க எடமே இல்லங்க. கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். நீங்க ஒரு எடம் பாத்த பெறவு கொண்டாரேன். அந்த ஆணிய மட்டும் மறக்காம புடுங்கி வச்சிருங்க. கான்கிரீட்டுல எறங்குன ஆணியாக்கும், எந்தச் சொவுத்துக்கும் ஆவும்."

நயினார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "எடுத்துட்டேன்ட்டி" என்றார். இத்தனை நாள் எங்கே கிடந்ததோ, அழுகை குபுக்கென்று வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவளுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்னங்க, கேக்குதா? லைன்ல இருக்கியளா?" என்றாள் பூமாரி.

கேட்டுக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்துவிட்டார்.